எடல்பிராக் பெர்ஃபார்மர் மேனிஃபோல்டும் 1406 கார்புரேட்டரும்: 1972 செவெல் காரில் ஒரு பருவம் ஓட்டிப் பார்த்த பின்

மிச்சிகனில் என் வீட்டுக் கராஜில் நிற்கும் செவர்லே நிறுவனத்தின் 1972 செவெல் மாலிபு, 350 கன அங்குல வி8 இன்ஜினும், காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் ரோச்செஸ்டர் இரண்டு பேரல் (காற்று நுழையும் இரண்டு வாய்கள் கொண்ட) கார்புரேட்டருமாக ஆலையிலிருந்து வந்த வண்டி. ஐம்பது ஆண்டுகளில் அந்தக் கார்புரேட்டரின் காற்றுவழியைத் திறந்து மூடும் திராட்டில் தண்டு தேய்ந்து ஆட்டம் கொடுத்து, ஓரமாகக் காற்றை இழுக்கத் தொடங்கியிருந்தது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் ஒரு சீராக நிற்காது. எத்தனை முறை திருகாணியைச் சரிசெய்தாலும் மறுநாள் பழைய நிலைக்கே திரும்பும். எனவே சென்ற வசந்தத்தில், எடல்பிராக் நிறுவனத்தின் பெர்ஃபார்மர் 2101 இன்டேக் மேனிஃபோல்டையும் (கார்புரேட்டரிலிருந்து வரும் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் பாகம்) அதே நிறுவனத்தின் 1406 நான்கு பேரல் கார்புரேட்டரையும் சேர்த்து வாங்கி நானே மாற்றினேன். மே மாதம் முதல் அக்டோபர் வரை ஏறக்குறைய 2000 மைல் ஓட்டிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் எதிர்பார்ப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 1972 இல் இதே 350 இன்ஜின் இரண்டு பேரலுடன் 165 குதிரைசக்தி என்றும், நான்கு பேரலுடன் 175 என்றும் விற்கப்பட்டது. கார்புரேட்டரை மாற்றிய மறுநாளே வண்டி புலியாகப் பாயும் என்று நம்பி இதில் பணம் போடுகிறவர் ஏமாந்து போவார். அளவுக்கு மீறிய கார்புரேட்டரை வாங்கி மாட்டுவதும் இதே நம்பிக்கையால்தான் நடக்கிறது. ஒரு இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை உள்ளிழுக்கும் என்பதைக் காண, அதன் கன அங்குலத்தை நிமிடத்துக்கான அதிகபட்சச் சுழற்சியால் பெருக்கி 3456 ஆல் வகுத்தால் போதும். 350 ஐ 5500 ஆல் பெருக்கி வகுத்தால் 557 வருகிறது; சாதாரணத் தெரு இன்ஜின் அதில் 85 சதவீதம் அளவே நிரம்பும் என்று வைத்தால் 473 கன அடி. 1406 இன் கொள்ளளவு 600. கடைகளில் ஆசைகாட்டும் 750 கன அடிக் கார்புரேட்டர் இந்த இன்ஜினுக்குத் தேவையே இல்லை. வாய் பெரிதாகப் பெரிதாகக் காற்றின் வேகம் குறைந்து, தாழ்ந்த சுழற்சியில் பெட்ரோல் சரியாகக் கலக்காமல் போகும்.

மேனிஃபோல்டைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவு. பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் 40 பவுண்டுக்குக் குறையாது. இந்த அலுமினிய வார்ப்பு அதில் பாதி எடைகூட இல்லை. சிலிண்டர் தலைகளோடு பொருந்தும் முகங்கள் சுத்தமாகக் கடையப்பட்டிருந்தன. நேர்விளிம்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தபோது எங்கும் வெளிச்சம் தெரியவில்லை. ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும் ஓட்டம்) முதல் 5500 சுழற்சி வரை வேலை செய்வதற்கென இதை வடிவமைத்திருக்கிறார்கள். பெர்ஃபார்மர் ஆர்பிஎம் என்ற இன்னொரு வகை 1500 முதல் 6500 வரைக்கானது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் மாற்றியவர்களுக்கு அது பொருந்தும். உயரமும் கூடுதல் என்பதால் பானட் இடிக்குமா என்று அளந்த பிறகே அதை வாங்க வேண்டும். என்னுடைய இன்ஜினில் உள்ளே எதையும் தொடவில்லை, ஆகவே சாதாரணப் பெர்ஃபார்மரே சரியான தேர்வு.

மாற்றும் வேலையில் கடினமானது என்று எதுவும் இல்லை, ஆனால் அவசரப்படக்கூடிய இடமும் இல்லை. பேட்டரியைக் கழற்றி, கூலன்ட்டை வடித்து, முதல் சிலிண்டரின் பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதை இன்ஜினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டு போல்ட்டுகளும் கழன்ற பிறகும் பழைய மேனிஃபோல்ட் அசையவில்லை. மூலையில் நெம்புகோல் கொடுத்து மெல்லத் தூக்கியபோதுதான் ‘டப்’ என்ற ஓசையுடன் விட்டுக்கொடுத்தது. அடிப்புறத்தில், எக்ஸாஸ்ட் வாயு குறுக்கே ஓடும் பாதைக்கு நேர் கீழே, கருகிய எண்ணெய் விரல் தடிமனுக்குத் தார் போலப் படிந்திருந்தது. வால்வுகளை அசைக்கும் லிஃப்டர்கள் இருக்கும் பள்ளத்தில் துணியை அடைத்துவிட்டுத்தான், இணைப்பை ஒழுகாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட வேண்டும். ஒரு துணுக்கு உள்ளே விழுந்தாலும் அது எண்ணெயோடு சேர்ந்து பயணப்படும்.

மேனிஃபோல்டின் முன்பக்கமும் பின்பக்கமும் பிளாக்கின் மீது உட்காரும் இடத்துக்குத் தக்கை அல்லது ரப்பர்ப் பட்டையைப் பயன்படுத்தக் கூடாது, கால் அங்குல உயரத்துக்குச் சிலிகான் சீலன்ட்டைக் கோடாக இட வேண்டும் என்று எடல்பிராக்கின் குறிப்பேடு தெளிவாகச் சொல்கிறது. நானோ, உதிரிபாகக் கடை ஒன்றில் கல்லாவில் இருந்தவர் தக்கைப் பட்டையே போதும் என்று உறுதியாகச் சொன்னதை நம்பி, கேஸ்கெட் தொகுப்போடு வந்த பட்டையையே முதல்முறை வைத்தேன். இரண்டு வாரத்தில் பின்பக்கத்துப் பட்டை பிதுங்கி வெளியே வந்து, எண்ணெய் கியர்பாக்ஸ் முகப்பின் வழியாக ஒழுகிக் கராஜ் தரையை நனைத்தது. பின்பக்கத்து ஒழுக்கு கண்ணுக்கு எளிதில் படாது. கிரேங்க்ஷாஃப்ட் சீல் போய்விட்டதோ என்று ஒரு முழு மாலை கவலைப்பட்டேன். மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றி, இரு விளிம்புகளையும் பிசுக்கே இல்லாமல் துடைத்து, சிலிகானைக் கோடிட்டு, மூலைகளில் கேஸ்கெட்டின் மேல் சற்று ஏறும்படி விட்டேன். சிலிகானின் மேல் மெல்லிய தோல் படிந்த பிறகு, நான்கு மூலைகளிலும் தலையறுத்த போல்ட்டுகளை வழிகாட்டியாக நிறுத்தி, மேனிஃபோல்டைப் பக்கவாட்டில் நகராமல் நேராக இறக்கினேன். எடை குறைவு என்பதன் அருமை அப்போதுதான் விளங்கியது. தனியாளாக, கை நடுங்காமல் இறக்க முடிந்தது. போல்ட்டுகளின் மரைகளில் சீலன்ட் தடவி, நடுவிலிருந்து வெளிப்புறமாக, குறிப்பேடு சொல்லும் வரிசையில், 25 அடி-பவுண்டுக்குப் படிப்படியாக முறுக்கினேன். அதன் பிறகு இன்றுவரை ஒரு சொட்டும் இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப இறக்கும்போது கியரின் பற்கள் சாய்வாக இருப்பதால் ரோட்டர் சற்றுச் சுழன்றுகொண்டே கீழே போகும். முழுவதும் உட்காராமல் கால் அங்குலம் தூக்கி நின்றால், கீழே ஆயில் பம்பின் தண்டு பொருந்தவில்லை என்று பொருள். நீண்ட ஸ்க்ரூடிரைவரால் அந்தத் தண்டைச் சற்றுத் திருப்பிவிட வேண்டுமே தவிர, போல்ட்டை முறுக்கி அழுத்தி உட்காரவைக்கக் கூடாது.

1406 கார்புரேட்டர், 1957 இல் கார்ட்டர் நிறுவனம் கொண்டுவந்த ஏஎஃப்பி என்ற கார்புரேட்டர் வடிவத்தின் வழித்தோன்றல். பெட்ரோலை அளந்து விடும் துளைகளான ஜெட்டுகளுக்குள் மெல்லிய மீட்டரிங் கம்பிகள் தொங்குகின்றன. இன்ஜின் சாவகாசமாக ஓடும்போது வேக்குவம் (இன்ஜின் உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம்) சிறு பிஸ்டனைக் கீழே இழுத்துப் பிடிப்பதால் கம்பியின் தடித்த பகுதி ஜெட்டை அடைத்து நிற்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து வேக்குவம் விழுந்ததும் ஸ்பிரிங் கம்பியை மேலே தள்ள, மெல்லிய முனை வந்து கூடுதல் பெட்ரோலுக்கு வழிவிடும். இந்தக் கம்பிகளையும் ஸ்பிரிங்குகளையும் கார்புரேட்டரைக் கழற்றாமல், பெட்ரோலைச் சிந்தாமல், மேலே உள்ள சிறு மூடியின் ஒரே திருகாணியைத் தளர்த்தி மாற்றிவிடலாம். வீட்டில் வேலை செய்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. 1405 என்ற அண்ணன் மாடல் கைச்சோக்குடன் (குளிரில் கிளப்பக் காற்றைக் குறைக்கும் தடுப்பைக் கையால் இயக்குவது) வேகத்தை முன்னிட்டு அளவமைக்கப்பட்டது. 1406 மின்சோக்குடன் எரிபொருள் சிக்கனத்தை முன்னிட்டது. நான் அளவுகளை மாற்றாமலே ஓட்டினேன், குறை எதுவும் தெரியவில்லை.

மின்சோக்குக்குச் சாவியைத் திருப்பியதும் முழு 12 வோல்ட் வர வேண்டும். இக்னிஷன் காயிலுக்குப் போகும் கம்பியில் ரெசிஸ்டன்ஸ் இருப்பதால் அதிலிருந்து எடுப்பது தவறு. நான் ஃபியூஸ் பெட்டியில் வைப்பருக்கான முனையிலிருந்து எடுத்தேன். பெட்ரோல் அழுத்தம் 6.5 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது என்பதால், கேஜ் வைத்துப் பார்த்து, பழைய மெக்கானிக்கல் பம்ப் 6 க்குள் நிற்பதை உறுதிசெய்துகொண்டேன்.

ஓட்டத்தில் வந்த மாற்றத்தை எண்ணால் சொல்வது எனக்கு எளிதல்ல, காலால் உணர்வது எளிது. ஐடிலில் வேக்குவம் பாதரச அளவில் 18 அங்குலத்தில் ஊசி அசையாமல் நிற்கிறது. அக்டோபர்க் குளிரில் ஆக்ஸிலரேட்டரை ஒரு முறை முழுவதும் அழுத்தி விட்டுச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. கார்புரேட்டரின் அடியைச் சூடாக்கும் எக்ஸாஸ்ட் குறுக்குப் பாதையை அடைக்காமல் விட்டதும் இதற்கு உதவுகிறது. எங்கள் ஊர்க் குளிருக்கு அது வேண்டும். நெடுஞ்சாலையில் ஏறும்போது முக்கால்வாசி மிதித்ததும் பின்னிரு பேரல்கள் திறக்கின்றன. அவற்றின் மேலே எடைகட்டிய வால்வு காற்றோட்டத்துக்கு ஏற்பத் தானாகத் திறப்பதால் நடுவில் திக்கல் இல்லாமல், ஆழ்ந்த உறுமலோடு வண்டி எழும்புகிறது. கேலனுக்கு 13 மைல் கொடுத்த வண்டி இப்போது 14 ஐ ஒட்டிக் கொடுக்கிறது.

கோடை வெயிலில் சூடாக நிறுத்தி இருபது நிமிடம் கழித்துக் கிளப்பும்போது சற்று நேரம் சுற்ற வேண்டியிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் சூட்டில் எளிதில் கொதிப்பதால் கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றுக்கும் உள்ள தொல்லை இது. தடித்த வெப்பத்தடுப்புக் கேஸ்கெட்டை அடியில் வைத்த பிறகு பெரும்பாலும் தீர்ந்தது. வாங்குகிறவர்கள் அதை முதல் நாளே சேர்த்து வாங்குவது நல்லது. திராட்டில் கேபிளுக்கான தாங்கியும், ஆட்டோமேடிக் கியர்பாக்ஸின் கிக்டவுன் கேபிளுக்கான (ஆழ மிதித்தால் கியரைக் குறைக்கும் கேபிள்) இணைப்பும், புதிதாக வளைக்க வேண்டிய பெட்ரோல் குழாயும் தனிச் செலவு. மேனிஃபோல்டும் கார்புரேட்டரும் சேர்த்து 700 டாலரை ஒட்டி ஆனது. சில்லறைச் சாமான்களோடு 850. இன்ஜினின் உட்பகுதியை மாற்றாமல், வார இறுதியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்ட நினைக்கும் 350 க்காரருக்கு இந்த இணையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பந்தயப் பாதைக்குப் போகிறவருக்கு அல்ல.

கழற்றிய இரும்பு மேனிஃபோல்டை எக்காரணம் கொண்டும் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். அதன் வார்ப்பு எண் வண்டியின் பிறப்புச் சான்று போன்றது. என்னுடையதைச் சுத்தம் செய்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, கராஜ் அலமாரியின் அடித்தட்டில் இரண்டு பேரல் கார்புரேட்டரோடு வைத்திருக்கிறேன். வண்டி என்றாவது கைமாறினால் அவையும் கூடவே போகும்.