படக்கட்டப் பேச்சுச் செயலி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பெருமூளை வாதத்தால் வாய்விட்டுப் பேச இயலாத, ஆனால் பிறர் பேசுவதை முழுமையாகப் புரிந்துகொள்ளும் எங்கள் ஒன்பது வயது மகள், டேப்லெட்டில் இயங்கும் படக்கட்டச் செயலி ஒன்றை எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறாள். படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல் மேலுள்ள பட்டையில் சேரும். பட்டையைத் தொட்டால் சேர்ந்தவை அனைத்தும் குரலாக ஒலிக்கும்.

இத்தகைய செயலிகளின் விளம்பரங்கள் ஆயிரக்கணக்கான படங்கள் இருப்பதையே பெருமையாகச் சொல்கின்றன. அன்றாடப் பேச்சிலோ ஏறத்தாழ 80 விழுக்காடு, 'வேண்டும்', 'இன்னும்', 'ஏன்', 'அங்கே' போன்ற சில நூறு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. அச்சொற்கள் எந்தப் பக்கத்துக்குச் சென்றாலும் இடம் மாறாமல் இருப்பதே இச்செயலியின் பெரும் பலம். 'ஏன்' எங்கே இருக்கிறது என்று மகள் இப்போது தேடுவதேயில்லை (சற்று அதிகமாகவே தொடுகிறாள் என்பது வேறு). ஆனால் கட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டியபோது படங்கள் யாவும் இடம்பெயர்ந்து, விரலுக்குப் பழகியதெல்லாம் வீணாயிற்று. வாங்குவோர் தொடக்கத்திலேயே அதிகக் கட்டங்கள் கொண்ட பக்கத்தை அமைத்து, உடனடித் தேவையில்லாத படங்களை மறைத்து வைப்பது நல்லது.

தமிழ் வினைச்சொற்களை இச்செயலி கையாளும் விதம் திருப்தியளிக்கவில்லை. படத்தைத் தொட்டால் வேர்ச்சொல் மட்டுமே ஒலிக்கிறது. காலமும் விகுதியும் சேர்க்க மேலும் இரண்டு முறை தொட வேண்டும். ஒரு மாலை நான் சமையலறையில் இருந்தபோது 'தம்பி', 'உடை' என்று கேட்டது. தம்பிக்குச் சட்டை மாற்ற வேண்டுமா, சட்டை நனைந்துவிட்டதா, புதுச்சட்டை கேட்கிறானா என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தது. பிறகு 'நீ', 'பொறு' என்று ஒலித்தது. பொறுத்தேன். ஒரு நிமிடம் கழித்து 'தம்பி', 'உடைத்தான்', 'நான்', 'இல்லை' என்று வந்தது. உடைந்த கண்ணாடிக் குவளைக்கு அன்று காலை அவளைத்தான் கடிந்துகொண்டிருந்தேன்.

இயல்பான பேச்சில் நிமிடத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் ஓடுகின்றன. துணைக்கருவியால் பேசும் பெரும்பாலோருக்குப் பதினைந்தைத் தொடுவதே கடினம். அந்த இடைவெளியை நாம் ஆம், இல்லை கேள்விகளால் நிரப்பிவிடுவதால், குழந்தை பதில் சொல்பவளாகவே நின்றுவிடுகிறாள். அவளாகப் பேச்சைத் தொடங்கும் வாய்ப்பு அரிதாகிறது. எனவே, ஒரே தொடுதலில் முழு வாக்கியம் ஒலிக்கும் பொத்தானை நாமே அமைத்துக்கொள்ளும் வசதியை, இச்செயலியின் மற்றெல்லா வசதிகளுக்கும் மேலாக மதிக்கிறேன். எங்கள் வீட்டில் அப்பொத்தான் சொல்வது: 'பொறுங்கள், இன்னும் சொல்லி முடிக்கவில்லை.' பேச்சுப் பயிற்சியாளரின் அறிவுரைப்படி, நாங்களும் பேசும்போதே படங்களைத் தொட்டுக் காட்டுகிறோம்; எங்கள் வேகமும் தானாகக் குறைகிறது.

குரல் வளர்ந்த பெண்ணுடையது. சிறுமியின் குரல் இல்லை. வெயிலில் திரை தெரிவதில்லை. முதல் பக்கத்தை அச்சிட்டு, லேமினேட் செய்து பையில் வைத்திருக்கிறோம். மின்னேற்றம் தீர்ந்த நாள்களில் அந்த அட்டையில்தான் பேச்சு நடக்கிறது.