லேண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ: ஆலை ரிம்களைக் கண்டுபிடித்ததும் அவற்றோடு ஓட்டியதும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன், பின் அச்சுகளுக்கு இடையே 88 அங்குலம் உள்ள குட்டை சீரிஸ் 2ஏ வைத்திருப்பவர்களுக்கு, ஆலையில் அதற்கென்று கொடுத்த 16 அங்குல விட்டமும் 5 அங்குல அகலமும் உள்ள இரும்பு ரிம்மைவிடப் பொருத்தமான சக்கரம் வேறில்லை. சில வருடங்களாக அதைத்தான் ஓட்டுகிறேன். ஆனால் பினாங்கில் அந்த ரிம்மை இன்னதென்று உறுதிசெய்து வாங்குவதுதான் பெரும்பாடு.

1961 முதல் 1971 வரை வந்த வண்டி இது. தோட்டங்களில் துரைமார் ஓட்டிய வகை. கேமரன் மலையில் காய்கறி ஏற்ற இன்றும் இதன் உறவுகள் ஓடுகின்றன. நான் வாங்கியபோது இதன் நான்கு சக்கரங்களும் நான்கு ஊரைச் சேர்ந்தவை. விற்றவர் எல்லாமே கூட வந்தவை என்றார். ஏறிப் பொருந்தியிருக்கிறதே, வேறென்ன சான்று வேண்டும் என்பது அவர் வாதம். லேண்ட் ரோவரைப் பொறுத்தவரை அந்த வாதம் நிற்காது. ஐந்து துளைகள், அவற்றின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம் (துளை வட்டம்) 165.1 மில்லிமீட்டர் என்ற அளவு சீரிஸ் வண்டிகளுக்கும் 1970இல் வந்த ரேஞ்ச் ரோவருக்கும் 1989இல் வந்த முதல் டிஸ்கவரிக்கும் டிஃபெண்டருக்கும் ஒன்றுதான். எதை வேண்டுமானாலும் மாட்டலாம்.

லோரோங் கூலிட் சந்தையிலும் பட்டர்வொர்த் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் ஐந்து துளை இருந்தாலே ‘ஜீப் ரிம்’தான். அதில் வில்லிஸ் ஜீப்பின் ரிம் இருக்கும், சுசுகியின் ரிம்மும் இருக்கும். அவற்றின் துளை வட்டம் 139.7 மில்லிமீட்டர். ஐந்து துளை ரிம்மில் நேர் எதிரே துளை இல்லாததால் வட்டத்தை நேராக அளக்க வழியில்லை. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் போதும். சுமார் 97 மில்லிமீட்டர் வந்தால் லேண்ட் ரோவர். 82 வந்தால் மற்றவை. சட்டைப்பையில் ஓர் அளவுகோல் இருந்தால் கடைக்காரரோடு வாக்குவாதமே வேண்டாம்.

அடுத்தது அகலம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரிம்மின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும். டயர் உட்காரும் இடத்தில், விளிம்புகளுக்கு உள்ளே அளக்க வேண்டும். குட்டை வண்டிக்கு 5 அங்குலம், 109 அங்குல நீள வண்டிக்கு ஐந்தரை. பிரிட்டிஷ் ராணுவம் 1990களில் எடுத்த வுல்ஃப் எனும் ராணுவ டிஃபெண்டர் வண்டிகளின் ரிம் ஆறரை. அது உறுதியானது, அழகானதும்கூட. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய ரிம் போலவே தெரியும். இந்த வண்டிக்கு அது முப்பது ஆண்டு இளையது.

அளவுக்குப் பிறகு முத்திரை. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் 5.00F என்ற எழுத்து தென்படலாம். F என்பது விளிம்பின் வடிவத்தைக் குறிக்கிறது. மையத் தட்டு ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருந்தால் அது ஆரம்பகால ரிம். வெல்டிங் செய்தவை பிற்பாடு வந்தவை. பெயின்ட்டைக் கடைசியாகத்தான் பார்ப்பேன், அது யார் வேண்டுமானாலும் பூசக்கூடியது. இருந்தாலும் மெல்லிய உப்புத்தாளால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்ப்பது வீண்போகாது. மேலே வெள்ளி, அதற்கடியில் கறுப்பு, எல்லாவற்றுக்கும் கீழே லைம்ஸ்டோன் எனும் பழுப்பேறிய வெண்மை தெரிந்தால் விலை பேச ஆரம்பிக்கலாம்.

இரண்டு பாதிகளைச் சுற்றிலும் நட்டுகளால் இணைத்த ரிம் கிடைத்தால் அது ராணுவ வண்டியிலிருந்து வந்தது. டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளில் கை வைக்காதீர்கள். உயிரே போய்விடும்.

சக்கரத்தை மாட்டும் மரையாணிகளான ஸ்டட்களையும் பாருங்கள். பழைய ஹப்பில் 9/16 அங்குல ஆங்கில மரை. 1980 வாக்கிலிருந்து 16 மில்லிமீட்டர் மெட்ரிக். என் வண்டியில் யாரோ பின் அச்சை மாற்றியிருந்ததால் முன்னே ஒரு வகை, பின்னே வேறு வகை. மெட்ரிக் நட்டு பழைய ஸ்டட்டில் தொளதொளவென்று நிற்கும். இரண்டுக்கும் தனித்தனி நட்டுகளைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அலாய் ரிம்முக்கான நீள நட்டுகள் இதற்கு உதவாது. கூம்பு முனை நட்டுதான் வேண்டும்.

ஓட்டும் அனுபவத்துக்கு வருவோம். முன்பு இருந்த அகல ரிம்களில், முழுதாக ஒடித்தால் டயர் முன் ஸ்பிரிங் பட்டையில் உரசும். நிற்கும் வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் வலிக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி அல்லவா! 5 அங்குல ரிம்மும் 6.00-16 டயரும் போட்டதும் ஆயிர் ஈத்தாம் சந்தைப் பக்கம் வண்டியை நிறுத்துவது வேலையாகவே தெரியவில்லை. பாலிக் பூலாவ் டுரியான் தோட்டத்து ஈர மண்ணில் ஒடுங்கிய டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கெட்டி நிலத்தைப் பிடிக்கிறது. பினாங்குப் பாலத்தில் கதை வேறு. பக்கக் காற்றில் வண்டி அலைகிறது. 80 கிலோமீட்டர் வரம்பை எட்டும் ஆசையே எனக்கு வருவதில்லை. ஒன்று கவனியுங்கள்: இதே அளவில் டிராக்டர் முன் டயரும் விற்கிறார்கள். விலை மலிவு, சாலை வேகத்துக்கு உகந்ததல்ல.

தொல்லை தருவது டியூப்தான். ரிவெட் ரிம்மில் டியூப் இல்லாமல் காற்று நிற்காது. கார் டயர் கடைகளில் இதைப் பார்த்ததும் கையை விரிக்கிறார்கள். லோரி டயர் கடைதான் கதி. கடல் காற்றில் ரிம்மின் உட்புறம் துருப்பிடித்து, உதிரும் செதில் டியூபை அரிக்கிறது. டயரைக் கழற்றும்போதெல்லாம் உள்ளே தேய்த்துப் பூச்சு கொடுப்பதும் டியூபுக்கு அடியில் ரப்பர் பட்டை போடுவதும் கட்டாயம். பவுடர் கோட்டிங் பளபளக்கும், ஆனால் நட்டு உட்காரும் இடத்தில் அந்தத் தடித்த பூச்சு நசுங்கி நட்டு தளர்கிறது. எனக்குச் சாதாரண எனாமல் போதும்.

வாங்கும்போது துளைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தாலோ, அவற்றைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, எந்த முத்திரை இருந்தாலும் விட்டுவிடுங்கள். அப்படிப்பட்ட ரிம்மை வெல்டிங் வைத்து விற்கும் கடைகளும் உண்டு. எஞ்சின் மூடியின் மேல் கிடக்கும் என் ஐந்தாவது சக்கரம் இன்னமும் ஐந்தரை அங்குலம்தான்; அதற்கு ஜோடி தேடிக்கொண்டிருக்கும் 109 வண்டிக்காரர் யாராவது இருந்தால் மாற்றிக்கொள்ளத் தயார்.