மூலம் என்று விட்டுவிட்ட எட்டு மாதங்கள்

மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போய் இறங்கிய முதல் நாள் இரவே என் கண்ணில் பட்டது அண்ணனுடைய இடுப்பு பெல்ட்தான். கடைசித் துளைக்கும் அப்பால் ஆணியால் குத்தி இரண்டு துளைகள் புதிதாகப் போடப்பட்டிருந்தன. வாரம் தவறாமல் வீடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் திரையில் முகம் தெரியுமே தவிர இடுப்பு தெரிவதில்லை. கேட்டதற்கு, "மூலத் தொந்தரவுதான், மருந்து போடுகிறேன்" என்று முடித்துக்கொண்டார். எட்டு மாதமாக இப்படி இருக்கிறார் என்பதும், இரவில் மூன்று முறையாவது எழுந்து கழிவறைக்கு ஓடுகிறார் என்பதும் அண்ணியிடம் தனியாக விசாரித்த பிறகுதான் தெரிய வந்தது.

அவருக்கு மருத்துவம் கிடைக்காமல் இல்லை. மலத்தில் ரத்தம் பட்டபோது பக்கத்துக் கிளினிக்கில் மூலம் என்று சொல்லிக் களிம்பும் மலமிளக்கியும் கொடுத்திருக்கிறார்கள். சில மாதம் கழித்து மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வேறொரு இடத்துக்குப் போனபோது, ஹீமோகுளோபின் 9 என்று குறைந்திருப்பதைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருக்கிறார்கள். முதல் இடத்தில் ரத்தசோகை பற்றித் தெரியாது. இரண்டாவது இடத்தில் ரத்தப்போக்கு பற்றி அண்ணன் வாய் திறக்கவில்லை. ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கும் எளிய பரிசோதனையை இரண்டு இடத்திலும் யாரும் செய்யவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்தால், சத்து எங்கே ஒழுகுகிறது என்று குடலில் தேடுவதுதான் முறை. மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பியதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

அன்றிரவு இருவரும் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் ஒரே தாளில் எழுதினோம். ரத்தம் மலத்தோடு கலந்து வருகிறதா அல்லது கழித்து முடித்த பின் சொட்டுகிறதா, சளி போகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை முறை, போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா, எடை எவ்வளவு குறைந்தது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பக்கத்திலேயே மாதத்தையும் குறித்தோம். தம்பியிடம் இதையெல்லாம் சொல்ல அண்ணனுக்குக் கூச்சம். நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்ததால் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் ஒரு பொது மருத்துவரிடம் போனோம். அவர் தாளை இரண்டு முறை படித்தார். அண்ணனின் கீழ் இமையை இழுத்து வெளிறியிருப்பதைப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, விரல் பரிசோதனையும் செய்து, கையுறையில் ரத்தமும் சளியும் ஒட்டியிருந்ததைக் காட்டினார். உடனே குடல் இரைப்பை நிபுணருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். "மூலம் இருக்கலாம், ஆனால் இது அத்தனைக்கும் மூலம் காரணமாகாது" என்பது அவர் சொன்ன வார்த்தை.

நிபுணர் பொறுமையாகப் பேசினார். மலம் கறுப்பாகப் போனதுண்டா என்று கேட்டவர், ஆமாம் என்றதும், மாத்திரை தொடங்குவதற்கு முன்பா பின்பா என்றார். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் தார்போலப் பிசுபிசுப்பாகக் கடும் நாற்றத்துடன் போனால் அது மேற்குடலிலோ இரைப்பையிலோ கசியும் ரத்தமாக இருக்கக்கூடும் என்று விளக்கினார். அவர் அதிகம் அழுத்தியது இரவில் எழுவதைத்தான். பதற்றத்தாலும், குடலில் புண்ணோ அழற்சியோ இல்லாமலே தொந்தரவு தரும் குடல் எரிச்சல் நோயாலும் வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் விழித்திருக்கும்போதுதான் தொந்தரவு செய்யும். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு குடலில் வேறேதோ நடக்கிறது என்பதற்கான அடையாளம் என்றார். காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம், வயிற்றில் தட்டுப்படும் கட்டி, நெருங்கிய ரத்த உறவில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நிபுணரைப் பார்ப்பதே சரி. வயிறு உப்பிக் கடும் வலியோடு வாந்தியும் வந்து மலமோ காற்றோ பிரியாமல் போனால், அல்லது ரத்தம் கொட்டித் தலைசுற்றினால், முன்பதிவுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்றும் சொல்லி வைத்தார்.

ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலை உள்ளே பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்ய நாள் குறித்தார்கள். இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள், ஏனென்றால் அது குடல் சுவரில் கறுப்பாகப் படிந்து பார்வையை மறைக்கும். ரத்தத்தை இளக்கும் மருந்து ஏதாவது எடுக்கிறாரா என்றும் கேட்டுக்கொண்டார்கள். அப்படி எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்தக்கூடாது. குடலைச் சுத்தம் செய்யும் கரைசலைப் பாதி முதல் நாள் மாலையிலும் மீதி மறுநாள் விடியற்காலையிலும் குடித்தார். அதுதான் சிரமம், பரிசோதனை அல்ல என்று அண்ணன் பிறகு சொன்னார். மயக்க ஊசி போட்டதால் அன்று வண்டி ஓட்டக்கூடாது, ஆகவே கூடவே ஒருவர் இருந்தாக வேண்டும். உள்ளே அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வெளியே இருந்த எனக்கு அது நீண்டுகொண்டே போனது.

வந்த முடிவு புற்றுநோய் அல்ல. மலக்குடலிலிருந்து இடப்பக்கப் பெருங்குடல் வரை சுவர் முழுதும் சிவந்து, தொட்ட இடமெல்லாம் ரத்தம் கசிந்தது. கிருமித் தொற்று இருக்கிறதா என்று மலத்தைச் சோதித்து, பல இடங்களில் சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆனது. பெருங்குடல் புண் அழற்சி என்பது உறுதியானது. இது முற்றாகப் போய்விடும் நோயல்ல. மாத்திரையாலும் ஆசனவாய் வழியாகச் செலுத்தும் மருந்தாலும் அடக்கி வைக்க வேண்டியது. நீண்ட நாள் நீடித்தால் குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும் என்பதால், நோய் தொடங்கி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் கொலனோஸ்கோப்பி செய்து கண்காணிப்பார்கள். அதனால்தான் நோய் தொடங்கிய மாதத்தைக் கோப்பில் சரியாகப் பதியச் சொன்னார் மருத்துவர்; எங்கள் தாளில் அது ஏற்கெனவே இருந்தது.

விடுப்பில் வருபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் யாருக்காவது இப்படி அறிகுறி இருந்தால் முதல் வாரத்திலேயே கிளம்புங்கள். நிபுணரின் தேதி, பரிசோதனைத் தயாரிப்பு, திசு முடிவு என்று இரண்டு வாரம் போய்விடுகிறது. கடைசி வாரத்தில் தொடங்கினால் முடிவைக் கையில் வாங்காமலே விமானம் ஏற நேரும்.

நான் புறப்பட்ட நாளில் அண்ணன் இரவில் எழுவது ஒருமுறையாகக் குறைந்திருந்தது. பெல்ட் துளை அப்படியேதான் இருந்தது. அண்ணி கோப்பின் முன்பக்கத்தில் அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதியை எழுதி, எனக்கும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.