கம்பியா, பேட்டரியா: செல்லூர் வீட்டுக்கு ஏற்ற வாக்குவம் கிளீனர்

மதுரையில் வைகையின் வடகரையில், செல்லூரில் தறிகளுக்கு நடுவே எங்கள் வீடு. மணல் தூசியும் பஞ்சிழையும் சேர்ந்து மின்விசிறி இறக்கையில் சாம்பல் நிறக் கம்பளிபோல் படிந்துவிடும். அம்மாவுக்கு மூச்சிழுப்பு. விளக்குமாற்றால் பெருக்கினால் அன்று இரவு தூக்கம் போய்விடும்.

இரண்டு வகையையும் பயன்படுத்திவிட்டேன். பேட்டரி வகை கைக்கு இலகு. மாடிப்படி, கார் இருக்கை எல்லாவற்றுக்கும் வசதி. முழு வேகத்தில் ஓட்டினால் கால் மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடுகிறது. தூசிக் கிண்ணமும் சிறியது.

கம்பியோடு வரும் உருளை வகையை இழுத்துத் திரிவது சிரமம்தான், சத்தமும் அதிகம். ஆனால் இலவம்பஞ்சு மெத்தையில் அகல முனையை வைத்து நான்கு முறை இழுத்தேன். கிண்ணத்தின் அடியில் கோதுமை மாவுபோல் ஒரு கைப்பிடித் தூசி! அன்றே முடிவு செய்துவிட்டேன்: இழுப்பு உள்ளவர் இருக்கும் வீட்டுக்கு இதுதான்.

வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது மின்சாரச் செலவு, உறிஞ்சும் திறன் அல்ல. நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதே அதன் அமெரிக்க அளவுகோல். இணைப்புகளில் மூன்று போதும்: ஜன்னல் தண்டவாளத்துக்கு ஒல்லி முனை, விசிறிக்கு நீட்டுக்குழாயுடன் வட்டத் தூரிகை, மெத்தைக்கு அகல முனை. கழுவக்கூடிய வடிகட்டியானால், நன்றாக உலர்த்திய பிறகே மாட்டுங்கள்.