நேவா கரையில் ஜார் பீட்டரின் மரவீடு: பார்க்கும் முறை

சென்ட் பீட்டர்ஸ்பர்க் போகிறவர்கள் பீட்டர்ஹோஃப் நீரூற்றுகளுக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிவிட்டு, பெட்ரோவ்ஸ்கயா கரைச்சாலையில் இருக்கும் மரவீட்டைத் தவறவிட்டுவிடுகிறார்கள். ரஷ்யாவின் ஜார், அதாவது மன்னர், முதலாம் பீட்டர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய வேண்டுமானால் முதலில் போக வேண்டியது இங்கேதான். ரஷ்ய அருங்காட்சியகத்தின் கிளையாக இப்போது இது இயங்குகிறது.

தெருவிலிருந்து வீடு கண்ணுக்குத் தெரியாது. தெரிவது அதை மூடியிருக்கும் செங்கல் கட்டடம் மட்டுமே. தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிவிடாதீர்கள். நேவாவின் ஈரத்தில் மரம் உளுத்துவிடும் என்பதால் 1723-லேயே வீட்டைச் சுற்றி ஒரு காப்புக்கூடம் எழுப்பப்பட்டது. 1784-இல் பேரரசி இரண்டாம் காதரின் கல்லில் உறை கட்ட வைத்தார். இன்றைய உறை 1840-களைச் சேர்ந்தது.

உள்ளே இருப்பது 60 சதுர மீட்டர், அதாவது சுமார் 650 சதுர அடி. சாப்பாட்டு அறை, வேலை அறை, படுக்கை அறை, சின்ன நடை, அவ்வளவுதான். 1703 மே 24 முதல் 26 வரை, அன்று ரஷ்யாவில் வழங்கிய பழைய நாட்காட்டிப்படி மூன்றே நாளில், படைவீரர்கள் கோடரியால் செதுக்கி எழுப்பினார்கள். அடுப்பும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. அதனால் 1708 வரை கோடையில் மட்டுமே பீட்டர் இங்கே தங்கினார். அவர் உயரம் சுமார் 6 அடி 8 அங்குலம். அதை மனதில் வைத்துக்கொண்டு படுக்கை அறையைப் பாருங்கள். அந்த அறை எவ்வளவு சிறிது என்பது அப்போதுதான் உறைக்கும்.

இங்கே நேரம் செலவழிக்க வேண்டியது வெளிச்சுவரில். பைன் கட்டைகளை வெளிப்பக்கம் தட்டையாகச் செதுக்கி, சிவப்பு பூசி, செங்கல் வரிசைபோலக் கோடு இழுத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் இடைவெளி, அந்தப் பொய்ச் செங்கல் கோடுகளுக்கு நடுவே தெளிவாகத் தெரியும். 1697-இல் ஹாலந்தில் பார்த்த செங்கல் வீடுகள் பீட்டருக்குப் பிடித்திருந்தன. ஆனால் புதிதாகக் கைப்பற்றிய இந்தச் சதுப்பு நிலத்தில் செங்கல்லுக்கு எங்கே போவது? பிற்பாடு 1714-இல் கட்டளையே பிறந்தது: சென்ட் பீட்டர்ஸ்பர்க் தவிர நாட்டில் வேறு எங்கும் கல் கட்டடம் எழுப்பக்கூடாது, நகருக்குள் வரும் ஒவ்வொரு வண்டியும் 3 கற்கள் கொண்டுவர வேண்டும், படகுகள் அளவுக்கேற்ப 10 முதல் 30 கற்கள். கல்தச்சர்கள் எல்லோரும் புதிய தலைநகரில் குவிய வேண்டும் என்பதே நோக்கம்.

கூரை முகட்டில் மரத்தில் செதுக்கிய சிறு பீரங்கியும் தீ எரியும் குண்டுகளும் வைத்திருந்தார்கள். ‘குண்டுவீச்சுப் படையின் கேப்டன் வீடு’ என்று அதற்குப் பொருள். ஜார் தன் வீட்டுக்கு அடையாளமாகத் தன் படைப்பதவியை வைத்துக்கொண்டார் என்பது சின்ன விஷயமல்ல. படை, குடிமைப் பணிப் பதவிகளை வரிசைப்படுத்தி 1722-இல் அவர் போட்ட 14 படிநிலைப் பட்டியலின் வேர் இங்கேதான் இருக்கிறது: பிறப்பைவிடச் செய்யும் பணிக்கே முதலிடம். படையில் கடைசி அதிகாரி நிலையான 14-ஆவது படியை எட்டினாலே பரம்பரைப் பிரபுத்துவம் கிடைத்தது. குடிமைப் பணியில் 8-ஆவது படிக்கு ஏற வேண்டும். அதே பீட்டர்தான் ஆண் தலை எண்ணி வரி போட்டு, பண்ணை அடிமைகளின் தளையை இன்னும் இறுக்கினார். காட்சிக்கூடங்கள் முதல் பாதியைச் சொல்லும் அழுத்தத்தோடு இதைச் சொல்வதில்லை. அதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஒரு குறை உண்டு. அறைகளுக்குள் காலடி வைக்க முடியாது. சுற்றியுள்ள நடைகூடத்தில் நின்று கதவு, சன்னல் வழியாக எட்டித்தான் பார்க்க வேண்டும். கூட்டம் வந்தால் ஒரு சன்னலுக்கு இரண்டு பேர்தான் நிற்க முடியும். காலையில் திறந்தவுடன் போனால் நிதானமாகப் பார்க்கலாம். பீட்டர் தன் கையால் செய்ததாகச் சொல்லப்படும் படகும் இங்கே இருக்கிறது. அதைப் பார்க்காமல் வெளியேறிவிடாதீர்கள்.

கோர்கோவ்ஸ்கயா மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். வீட்டைப் பார்க்க அரை மணி நேரம் முதல் 40 நிமிடம் வரை போதும். எதிரே ஆற்றுப்படியில் இருக்கும் இரண்டு கல் சிங்கங்கள் 1907-இல் மஞ்சூரியாவிலிருந்து வந்தவை. பீட்டருக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. அடுத்து நேவாவைக் கடந்து, 1714-இல் கட்டி முடித்த கோடை மாளிகைக்குப் போங்கள். அங்கே சுவர் நிஜமான கல், அறைகள் 14.