பத்து வாரப் போதைத் தடுப்பு வகுப்பு: முதல் நாளை மட்டும் தூக்கிவிடுங்கள்

என் மகன் எட்டாம் வகுப்பு. இந்த வருடம் அவன் பள்ளியில் வெளியிலிருந்து ஒரு குழுவை வரவழைத்து, மது, போதைப்பொருள், நண்பர்களின் வற்புறுத்தல் பற்றி வாரம் ஒன்றாகப் பத்து வகுப்பு நடத்தினார்கள். பெற்றோரும் வந்து பார்க்கலாம் என்றதால் நாலைந்து வகுப்புக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் சுத்த வீண். கறுத்துப்போன நுரையீரல் படம், நொறுங்கிய கார் படம், அப்புறம் குடியை விட்ட ஒருவர் மேடையேறித் தன் கதையைச் சொன்னார். மனிதர் உருக்கமாகத்தான் பேசினார், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் வெளியே வந்த பையன்கள் பேசிக்கொண்டது அவர் பட்ட பாட்டைப் பற்றி இல்லை, போலீஸிடம் சிக்காமல் சுவர் ஏறிக் குதித்த கதையைப் பற்றி. இப்படிப் பயமுறுத்துவதும் மீண்டவர்களைப் பேச வைப்பதும் பலன் தராது என்று ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட நெறிமுறைகளிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய டேர் (D.A.R.E.) என்ற பள்ளிப் போதைத் தடுப்புத் திட்டத்தில் காவலர்களே வகுப்பெடுத்தார்கள், நாடு முழுக்கப் பரவியது. கடைசியில் 2003இல் அந்த நாட்டு அரசுத் தணிக்கை அலுவலகம் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அதில் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

மூன்றாவது வாரம்தான் சூடு பிடித்தது. பெயர் எழுதாத துண்டுச்சீட்டு கொடுத்து, குடித்துப் பார்த்திருக்கிறாயா, வகுப்பில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று இரண்டே கேள்வி. முப்பத்திரண்டு பிள்ளைகளில் பெரும்பாலோர் பத்துக்கு மேல் எழுதியிருந்தார்கள். ‘ஆம்’ என்று வந்த சீட்டு இரண்டு. கரும்பலகையில் அந்த 2 விழுந்ததும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது, ஏனென்றால் ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்பதுதானே அந்த வயதில் பெரிய சாக்கு.

அடுத்த வாரம் நடித்துப் பார்க்கும் பயிற்சி: ஒருவன் வற்புறுத்த, இன்னொருவன் மறுக்க வேண்டும். என் பையன் முதல் தடவை “வேணாம்” என்று கெத்தாகச் சொன்னான். “ஒரே ஒரு இழுப்புடா, பயமா?” என்றதும் சிரித்து மழுப்பினான், மூன்றாவது தடவை பேச்சே வரவில்லை. அதுவும் எதிரே நின்றது வில்லன் இல்லை, தினமும் அவன் பக்கத்தில் உட்காரும் நண்பன். பயிற்சியாளர் நீளமாக அறிவுரை எதுவும் சொல்லவில்லை, மறுபடி செய் என்றார், மறுபடி. காரணம் சொல்லி வாதாடாதே, வாதாடினால் தோற்பாய், “எனக்கு வேணாம், வா விளையாடலாம்” என்று பேச்சை மாற்று, முடியாவிட்டால் கிளம்பு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தும் என்னை நண்பனாக நடிக்கச் சொன்னான். நான் கொஞ்சம் ஓவராகவே வற்புறுத்தினேன், நாலாவது சுற்றில் செருப்பை மாட்டிக்கொண்டு நிஜமாகவே வாசலைத் தாண்டிப் போய்விட்டான்!

பெற்றோர் கூட்டம் பெயருக்கு ஒன்று, அதுவும் வேலை நாள் மதியம். யார் வருவார்கள்? அடுத்த வருடத்துக்குத் தொடர்ச்சி வகுப்பு உண்டா என்று கேட்டால் பதில் இல்லை.

என்னை உறுத்தியது இன்னொன்று. ஆறாவது வாரம் ஒரு சின்னப் பெண் எழுந்து, “வீட்டில் அப்பா குடிக்கிறார், அவரிடம் எப்படி வேணாம் என்று சொல்வது?” என்று கேட்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள். “அப்புறம் பேசலாம்மா” என்று உட்கார வைத்துவிட்டு ஸ்லைடை மாற்றினார் பயிற்சியாளர். தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்களா என்று இரண்டு வாரம் கழித்து விசாரித்தேன், இல்லையாம். நண்பனைச் சமாளிக்க அத்தனை ஒத்திகை, இவளுக்கு ஒன்றுமில்லை.

ஐந்துக்கு மூன்று தருவேன். முதல் நாளை வெட்டிவிட்டு அந்த நேரத்துக்கு ஒரு ஆலோசகரைத் தனி அறையில் உட்கார வையுங்கள் என்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.