டிராக்கரும் கவுண்ட்டவுனும்: ஐந்தாண்டு அனுபவம்

2020 ஜூலையில் நியோவைஸ் வால்நட்சத்திரத்தைப் படமெடுத்தபோது என்னிடம் இருந்தவை ஒரு சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமரா, 50 மில்லிமீட்டர் லென்ஸ், காற்று வீசினால் ஆடுகிற முக்காலி. அவ்வளவுதான். அடிவானத்துக்குச் சற்று மேலே, தலைகீழாக நிறுத்திய விளக்குமாறு போல அந்த வால் கேமராத் திரையில் தெரிந்தபோது என் கை நடுங்கியது. அந்த வால்நட்சத்திரத்தை 2020 மார்ச் 27-ஆம் தேதி கண்டுபிடித்தது நாசாவின் நியோவைஸ் விண்வெளித் தொலைநோக்கி. அதன் பெயரைத்தான் வால்நட்சத்திரத்துக்கும் வைத்தார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வானத்தைப் படமெடுப்பதும் விண்கலங்களைப் பின்தொடர்வதும் எனக்குத் தனித்தனிப் பழக்கங்களாக இல்லாமல் போனதற்கு அதுவே காரணம்.

கருவி வாங்கிய வாரத்தில் எழுதப்படும் மதிப்புரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஐந்து ஆண்டுகள் பனியிலும் தூசியிலும் கிடந்த பிறகு அதே கருவியைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் டிராக்கர், அதாவது வானத்தின் நகர்வுக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் கருவி. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் ஆகிறது. நமக்கு வானம் ஒவ்வொரு நொடியும் 15 விகலை நகர்வதாகத் தெரிகிறது (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை). நிலையான முக்காலியில் 24 மில்லிமீட்டர் லென்ஸுடன் 20 நொடி வரை திறந்து வைக்கலாம் என்பது பழைய கணக்கு. இன்றைய நுண்ணிய சென்சார்களில் பத்து நொடியிலேயே நட்சத்திரங்கள் நீளத் தொடங்கிவிடுகின்றன. 135 மில்லிமீட்டர் லென்ஸில் இரண்டு நொடிக்கு மேல் போனால் புள்ளி கோடாகிவிடும். டிராக்கர் கேமராவைப் பூமியின் சுழற்சிக்கு எதிராக அதே வேகத்தில் திருப்புகிறது. அதே லென்ஸில் 90 நொடி திறந்து வைத்தும் நட்சத்திரம் புள்ளியாகவே நிற்கிறது. இந்தப் பழக்கத்துக்காக நான் வாங்கியவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் டிராக்கரைத்தான் வைத்துக்கொள்வேன். புதிதாக வருகிறவர்கள் விலை உயர்ந்த லென்ஸுக்கு ஆசைப்படுகிறார்கள். நானும் ஆசைப்பட்டேன். கேமராவின் முன்னே என்ன மாட்டியிருக்கிறது என்பதைவிட அதன் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் படத்தைத் தீர்மானிக்கிறது.

ஆனால் டிராக்கர் எளிதில் பணிந்துவிடும் கருவி அல்ல. அதன் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்த வேண்டும். துருவ நட்சத்திரத்தை டிராக்கரின் சிறு குறிநோக்கியில் தெரியும் குறுக்குக்கோட்டின் நடுவில் வைத்தால் போதும் என்று முதல் மாதம் நம்பியிருந்தேன். அந்த நட்சத்திரம் உண்மையான வடதுருவப் புள்ளியிலிருந்து முழுநிலவின் அகலத்தைவிடச் சற்று அதிகமாகவே விலகி நிற்கிறது. ஆகவே அந்த நேரத்துக்கு அது துருவப் புள்ளியைச் சுற்றி எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அங்கே வைக்க வேண்டும். தொடக்கத்தில் இதற்கு நாற்பது நிமிடம் பிடித்தது. இப்போது ஆறு நிமிடம்.

டிராக்கரோடு சேர்த்து வாங்கிய, கேமராவைத் தாங்கும் பந்துத் தலை ஒரே ஆண்டில் கைவிட்டது. லென்ஸின் எடையில் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு படத்திலும் நட்சத்திரங்கள் ஒரே திசையில் நகர்வதைப் பார்த்துவிட்டுத் துருவச் சீரமைப்பில்தான் பிழை என்று இரண்டு மாதம் வீணாக்கினேன். நான்காம் ஆண்டில் டிராக்கருக்குள் இருந்த கிரீஸ் கெட்டியாகிப் பற்சக்கரம் திக்கித் திக்கி ஓடியது. 90 நொடிப் படங்களில் பாதி வீணானது. திறந்து, துடைத்து, புதிய கிரீஸ் பூசி, பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இறுக்கத்தைச் சரிசெய்த பிறகு பழைய நிலைக்கு வந்தது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருந்திருக்க வேண்டும்.

பனி இன்னொரு எதிரி. தெளிந்த வானத்தின் கீழ் லென்ஸின் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்துக்கே இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. ஈரம் அதன்மேல் படிகிறது. நள்ளிரவுக்குப் பிறகு எடுத்த நூறு படங்கள் பால் போல வெளிறிக் கிடப்பதைக் காலையில் பார்த்த அனுபவம் எனக்கு மூன்று முறை உண்டு. லென்ஸைச் சுற்றிக் கட்டும் சூடேற்றும் பட்டை சிறிய பொருள். ஆனால் அது இல்லாமல் இப்போது நான் வெளியே போவதில்லை.

இரண்டு ஆண்டுகள் நான் ஃபிளாட் படங்கள் எடுக்கவே இல்லை. இதைப் போல வருந்தும் பிழை வேறொன்றும் இல்லை. சீரான வெள்ளை ஒளியை நோக்கி, அன்றிரவு பயன்படுத்திய அதே ஃபோகஸில், கேமராவைக் கழற்றாமல் எடுக்கும் படங்கள் இவை. லென்ஸின் ஓர இருட்டையும் சென்சார்மேல் கிடக்கும் தூசியின் நிழலையும் கணக்கிட்டு நீக்க இவை வேண்டும். கேமராவைக் கழற்றி மாட்டிய பிறகு எடுத்தால் பயன் இல்லை. தூசி இடம் மாறியிருக்கலாம். என் முதல் இரண்டு ஆண்டுப் படங்களில் அந்தச் சாம்பல் வளையங்கள் நிரந்தரமாகத் தங்கிவிட்டன.

ஒரே இடத்தை எடுத்த பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்க்க முதலில் டீப் ஸ்கை ஸ்டேக்கர், பிறகு சிரில் என்ற மென்பொருள்களைப் பயன்படுத்தினேன். இரண்டும் இலவசம். சிரில் பழகக் கடினம். பழகிய பின் விட மனம் வராது. இங்கேதான் இந்தக் கலையின் கண்டிப்பான கணக்கு வருகிறது: இரைச்சலோடு ஒப்பிட்ட ஒளியின் வலிமை, சேர்த்த நேரத்தின் வர்க்கமூலமாகவே கூடுகிறது. ஒரு படத்தை இரண்டு மடங்கு சுத்தமாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ள அண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தை முதல்முறை 20 நிமிடம் எடுத்தேன். மங்கலான முட்டை ஒன்று கிடைத்தது. அதே லென்ஸில் ஐந்து இரவுகளில் 5 மணி 20 நிமிடம் சேர்த்தபோது கரிய தூசிப் பட்டைகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. பதினாறு மடங்கு நேரம், நான்கு மடங்கு தெளிவு. கேமரா மாறவில்லை, லென்ஸும் மாறவில்லை.

அதே அண்ட்ரோமெடாவுக்கு அருகில், அதுவரை யாரும் பதிவு செய்யாத ஆக்சிஜன் ஒளியின் பெரிய வளைவு ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர், யான் செயின்டி ஆகிய மூன்று அமெச்சூர்கள். 2023 ஜனவரியில் அது வெளியானது. உலகிலேயே அதிகமாகப் படமெடுக்கப்பட்ட மண்டலங்களில் ஒன்றின் பக்கத்தில், சிறிய தொலைநோக்கியால், நூறு மணி நேரத்துக்கு மேல் ஒளியைச் சேர்த்துக் கண்டது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான்காம் ஆண்டில் கேமராவின் உள்வடிகட்டியை மாற்றினேன். ஓரையன் விண்மீன்குழுப் பகுதியில் பரவியிருக்கும் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிர்கிறது. சாதாரண கேமராவின் வடிகட்டி அந்தச் சிவப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மாற்றிய பிறகு திருவாதிரை நட்சத்திரத்தைச் சுற்றிய வெறும் கருமையில் சிவப்புப் புகை எழுந்தது. பகலில் அந்தக் கேமரா இனி நிறங்களைச் சரியாகக் காட்டாது. அந்த இழப்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இப்போது வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். 2019 மே மாதத்தில் இணைய வசதிக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் முதல் 60 ஒன்றாக ஏவப்பட்டன. அதன் பிறகு எண்ணிக்கை ஆயிரங்களில் கூடிக்கொண்டே போகிறது. நான் ராக்கெட் ஏவுதல்களை ஆர்வத்தோடு பார்க்கிறவன். ஏவிய பின் கீழே இறங்கி நிற்கும் பூஸ்டரை, அதாவது ராக்கெட்டின் அடிப்பகுதியை, கண்டு மகிழ்ந்தவன். அதே ராக்கெட்டுகள் கொண்டுபோனவை அந்தி முடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் என் ஒவ்வொரு சட்டகத்தையும் கோடு கிழித்துச் செல்கின்றன. முப்பது நாற்பது படங்களை அடுக்கினால் ஒரே ஒரு படத்தில் மட்டும் உள்ள கோட்டை மென்பொருள் ஒதுக்கிவிடும். ஆகவே என் படங்கள் பிழைத்துக்கொள்கின்றன. ஒரே படத்தில் தற்செயலாகக் கடந்து போகும் ஒன்றைத் தேடுகிற ஆய்வாளர்களுக்கு அந்த வசதி கிடையாது. கருமைப் பூச்சும் ஒளித்தடுப்பும் முயன்றார்கள். ஒளி குறைந்தது, மறையவில்லை. இந்த இரண்டு ஈடுபாடுகளும் எனக்குள் மோதிக்கொள்ளும் இடம் இது. நான் இன்னும் தீர்வு காணவில்லை.

ஏவுதல்களைப் பின்தொடர்வதில் என் முறை மாறிவிட்டது. முதல் இரண்டு ஆண்டுகள் கிடைத்த நேரலையை எல்லாம் பார்த்தேன். எண்ணிக்கை பெருகியபோது எதுவும் மனத்தில் தங்கவில்லை. இப்போது ஆண்டுக்கு மூன்று நான்கு திட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு முதலிலிருந்து முடிவு வரை நோட்டில் எழுதுகிறேன். தோல்விகளில்தான் அதிகம் கற்றேன். 2021 ஆகஸ்ட் 12-ஆம் தேதி இஸ்ரோவின் ஜி.எஸ்.எல்.வி.-எஃப்10 ராக்கெட்டின், மிகக் குளிர்ந்த எரிபொருளால் இயங்கும் கிரையோஜெனிக் நிலை இயங்காமல் போய் இ.ஓ.எஸ்.-03 செயற்கைக்கோள் இழக்கப்பட்டது. திரவ ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தம் குறைந்ததே காரணம் என்று ஆய்வுக்குழு சொன்னதைப் படிக்கும்போது, ஒரு வால்வின் கசிவு எவ்வளவு தூரம் போகும் என்று புரிந்தது. 2023 நவம்பரில் நாசாவின் வாயேஜர்-1 விண்கலம் பொருளற்ற தரவுகளை அனுப்பத் தொடங்கியதிலிருந்து 2024 ஏப்ரலில் மீண்டும் தெளிவாகப் பேசியது வரை ஐந்து மாதங்கள் அதைத் தொடர்ந்தேன். கட்டளை போய்ச்சேர 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர அதே அளவு. பழுதான நினைவகச் சில்லில் இருந்த நிரலைப் பிரித்து வேறு இடங்களில் பொருத்தினார்கள். 1977-இல் புறப்பட்ட கலம் அது.

சர்வதேச விண்வெளி நிலையம் சூரியனைக் கடப்பதைப் பிடிக்க மூன்று முறை முயன்றேன். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. சூரிய வட்டத்தைத் தாண்ட ஒரு நொடிகூட ஆகாது. அது தெரியும் நிலப்பட்டையின் அகலம் சில கிலோமீட்டர்தான். முதல்முறை நான்கு நாள் பழைய சுற்றுப்பாதைத் தரவை நம்பிப் போனேன். இடையில் நிலையத்தின் உயரத்தைக் கூட்டியிருந்தார்கள். கணித்த நேரத்தில் வெறும் சூரியன். இரண்டாம்முறை மேகம். மூன்றாம்முறை, கிளம்பும் முன் தரவைப் புதுப்பித்து, இரவல் 400 மில்லிமீட்டர் லென்ஸின் முன்பக்கம் சூரிய வடிகட்டியைப் பொருத்திக் காத்திருந்தேன். ஐந்து படங்களில் நிலையம் விழுந்திருந்தது, சூரியப் பலகைகள் விரிந்தபடி. வடிகட்டி இல்லாமல் யாரும் இதை முயலக் கூடாது. கண் போய்விடும்.

என் ஐந்து ஆண்டுகளில் நான் மிகவும் போற்றுவது 2023 ஆகஸ்ட் 23. இந்திய நேரப்படி மாலை 6.04-க்கு சந்திரயான்-3 லேண்டர் நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே, ஏறத்தாழ 69 பாகை தெற்கில் இறங்கியது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 லேண்டரோடு தொடர்பு அறுந்த நிமிடம் நினைவில் இருந்ததால் கடைசிப் பதினைந்து நிமிடம் நான் உட்காரவே இல்லை. இறங்கிய பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். நிலவு அரைநிலவை நெருங்கியிருந்தது. ஒளியும் இருளும் பிரியும் அந்திக்கோட்டுக்குச் சற்றுக் கிழக்கே, தெற்கு விளிம்பில், மான்சினஸ் பள்ளம் நீண்ட நிழலோடு கிடந்தது. லேண்டர் நிற்பது அந்தப் பக்கத்தில்தான். அங்கே அப்போதுதான் காலை. சூரியத் தகடுகளுக்கு நிலவின் ஒரு முழுப் பகல் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். என் படத்தில் ஒரு பிக்சல் நிலவில் சுமார் 4 கிலோமீட்டர். லேண்டர் சில மீட்டர்தான். அதைப் பார்க்க முடியாது என்று தெரிந்தும் அந்த மூலையை வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேகம் விட்ட இரவுகளில் எல்லாம் அந்த விளிம்பைப் படமெடுத்தேன். முழுநிலவை ஒட்டி நிழல்கள் சுருங்கிப் பள்ளங்கள் தட்டையாகின. பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்து இருள் வந்தது. செப்டம்பர் 2-இல் ரோவரையும் 4-இல் லேண்டரையும் உறக்கத்தில் வைத்தார்கள். நான்காம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு எடுத்த படத்தில் அந்திக்கோடு அந்த இடத்தை நெருங்கி நின்றது. செப்டம்பர் 22-இல் அரைநிலவு திரும்பியது. அதே பள்ளத்தில் மறுபடி வெயில் விழுந்ததை என் கேமராவிலும் பார்த்தேன். அன்று அனுப்பிய அழைப்புக்கு லேண்டரிடமிருந்து பதில் வரவில்லை.

2024 அக்டோபரில் சுசின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் மாலை வானுக்கு வந்தது. பழைய டிராக்கர், 135 மில்லிமீட்டர் லென்ஸ். வால் சட்டகத்தைத் தாண்டிப் போனது. அந்தப் படங்களை நான் இன்னும் அடுக்கிக்கொண்டிருந்த நாட்களில், அமெரிக்க நேரப்படி நவம்பர் 1-ஆம் தேதி, நியோவைஸ் தொலைநோக்கி வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்துபோனது. ஆகஸ்டிலேயே அதன் பணியை நிறுத்தியிருந்தார்கள். என்னை இதற்குள் இழுத்துவந்த வால்நட்சத்திரத்தைக் கண்டெடுத்த கலம்.

அன்றிரவு 2020 ஜூலை கோப்புறையைத் திறந்தேன். முக்காலியில் எடுத்த 41 படங்கள், ஒவ்வொன்றும் 6 நொடி. அப்போது எனக்கு அடுக்கத் தெரியாது. ஒரே ஒரு படத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். 41-ஐயும் சிரிலில் சேர்த்துப் பின்னணியைச் சமன்செய்தபோது, மஞ்சள் தூசி வாலுக்குப் பக்கத்தில் இன்னொரு வால் எழுந்தது. மெல்லிய, நேரான, நீல நிற அயனி வால். அன்று என் கண்ணுக்குத் தெரியாதது நான்கு ஆண்டுகளாக அந்தக் கோப்புகளில் இருந்திருக்கிறது. ஃபிளாட் இல்லாததால் இடது மூலையில் ஒரு தூசி வளையமும் தெளிவாக எழுந்தது. அதை நீக்கவில்லை.